பின்பக்கத் தட்டி

ஜூன் 4, செவ்வாய்

ஆதித்யா சார் இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபியும் வரவழைத்தார். ஐந்து வருடத்தில் அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் காபி. அதுவரை நான் அந்த ஆபீசில் அபார்ட்மெண்ட் பாத்ரூம்களுக்கு டைல்ஸ் அடுக்கி வரைந்துகொண்டிருந்தவள்.

"துளசி, ஊஞ்சப்பதியில இருபத்திநாலு வீடு. அரசாங்க வேலை. அது உன் ஊர்தானே?"

"ஆமாம் சார்."

"அப்ப இது உன் ப்ராஜெக்ட். மண்ணோட வாசனை வரணும். பழங்குடி அடையாளம் தெரியணும். வேற யாரால முடியும், சொல்லு?"

மண்ணின் வாசனை. நல்லது. எங்கள் பதியில், அதாவது எங்கள் பழங்குடிக் குடியிருப்பில், முதன்முதலாகக் காலேஜ் முடித்தவள் நான். அந்தக் காபியின் காரணம் புரியாத அளவுக்கு மக்கு இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஹாஸ்டலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "மழைக்கு ஒழுகாம இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

அளவு எடுக்கப் பதிக்குப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது மசணன் அண்ணன், என் பெரியம்மா மகன். வார்டு மெம்பர் தேர்தலில் நின்று பதினோரு ஓட்டில் தோற்றவர். பேச்சு மட்டும் ஜெயித்த மாதிரியே இருக்கும்.

"நல்லா அளந்துக்க அம்மிணி. இத்தன சின்ன ஊட்டுல மனுசன் இருந்தான்னு நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க."

எங்கள் வீடுகளில் மூன்று பக்கமும் மூங்கில் பின்னி மண் அப்பிய சுவர். நான்காவது பக்கம், அதாவது பின்பக்கம், வெறும் மூங்கில் தட்டி. மண் பூசுவதில்லை. நாரால் நாலு கட்டு கட்டி நிறுத்தியிருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், பாவம், கட்டி முடிக்க வழியில்லை போலிருக்கிறது என்பார்கள். விஷயம் அது இல்லை. காட்டிலிருந்து பெரியவர் இறங்கி வந்து வாசலில் நின்றுவிட்டால், ஒரே உதையில் தட்டி வெளிப்பக்கமாக விழும். பிள்ளைகுட்டிகளோடு பின்னால் ஓடிவிடலாம். அதனால்தான் தட்டியை ஒட்டி எதையும் அடுக்க மாட்டோம். எனக்கு ஆறு வயதில் அப்பா ஒரு தடவை உதைத்தார். மறுநாள் அதே தட்டியைத் தூக்கி நிறுத்தி அதே நாரால் கட்டினார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசக் கூடாது. பெரியவரின் பெயரை எங்கள் பதியில் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்ட மாதிரி. தட்டி எதற்கு என்றும் சொல்வதில்லை, அதுவும் கூப்பிடுவதுதான். படித்தவள் நான், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இந்த டைரியில் எதற்கு வம்பு? தும்பிக்கை உள்ளவர் என்றால் போதாதா!

ஜூன் 20, வியாழன்

வரைந்து முடித்தேன். மூன்று பக்கம் செங்கல், மேலே கான்கிரீட், பின்பக்கம் மட்டும் கழன்று விழுகிற மூங்கில் தட்டி. பூச்சி அரிக்காதபடி பதப்படுத்திய மூங்கில். கூரையின் பாரம் முழுக்கப் பக்கச் சுவர்களில் இறங்கும்படி செய்திருக்கிறேன். இதைவிட நல்லதாக நான் எதையும் வரைந்தது கிடையாது. தற்பெருமைதான், இருக்கட்டும்.

"இந்தச் சுவர் எதுக்கு துளசி?" என்று கேட்டார் ஆதித்யா சார்.

சொல்லியிருக்கலாம். ஏ.சி. அறை, சுற்றிலும் நாலு பேர், எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். தும்பிக்கைக்காரர் கதையை ஆரம்பித்தால் என்ன நினைப்பார்கள்? "காற்றோட்டத்துக்கு சார். அப்புறம், இது எங்க பண்பாட்டு அடையாளம்" என்றேன்.

அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆயிற்று. "பண்பாட்டு அடையாளச் சுவர்" என்று தன் கையாலேயே வரைபடத்தில் எழுதிவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

கடைவாய்ப்பல் வலி. ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை.

ஜூலை 8, திங்கள்

வீடு கட்டித் தருகிற அரசுத் துறையின் பொறியாளர் தனசேகர் சாரைப் பார்த்தேன். முசுடு என்று சொல்லிவைத்திருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

"விதிப்படி நாலு பக்கமும் நிரந்தரச் சுவர் இருக்கோணும்ங்க. காத்துக்குன்னா ஒரு ஜன்னல் போதுமே? எதுக்குங்க மூங்கிலு?"

"எங்க அடையாளம் சார்."

"அடையாளத்துக்குன்னு எந்த விதியும் இல்லீங்களே." சிரித்தார். "சரி, நீங்க அந்த ஊருப் பொண்ணு. ஊர்க்கூட்டத்துல பேசி, எங்களுக்கு இதுதான் வேணும்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நான் பாஸ் பண்ணி உடறேன்."

நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

ஜூலை 14, ஞாயிறு

கூட்டம் நடந்தது.

மைக் வைத்திருந்தார்கள். துறையிலிருந்து இரண்டு பேர், பஞ்சாயத்திலிருந்து ஒருவர், வீடியோ எடுக்க ஆதித்யா சார் அனுப்பிய பையன். நான் படத்தை விரித்துப் பிடித்து எல்லாம் சொன்னேன். பின்பக்கத் தட்டிக்கு வந்ததும், "இது நம்ம அடையாளம், நம்ம பண்பாடு, இதை விட்டுடக் கூடாது" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆதித்யா சாரின் குரல் மாதிரியே இருந்தது.

மசணன் அண்ணன் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"இருவது வருசமா நாலு சொவரு வேணும்னு மனு எழுதறேன். இப்பத்தான் வருது. அதுலயும் மூணு சொவருதானா? கீழ ஊருக்காரனுக்கு நாலு, எங்களுக்கு மூணா?"

"அண்ணா, அது வந்து... நம்ம அடையாளம்..."

"அடையாளமாட்டு! வேணும்னா உம்பட ஆபீசுல வெச்சுக்க. நீ கோயமுத்தூருல தட்டிக்குள்ளயா படுக்கற அம்மிணி?"

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாயத்துக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். என் காது இரண்டும் எரிந்தது.

அந்தச் சுவர் எதற்கு என்று அங்கே உட்கார்ந்திருந்த அறுபது பேருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். மைக்குக்கு முன்னால், வெளியாட்களுக்கு முன்னால் அதை யார் வாயால் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. அம்மா தரையைப் பார்த்தபடி புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நானும் சொல்லவில்லை. மைக் என் கையில்தான் இருந்தது, அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

பின்பக்கத்துக்கும் செங்கல் சுவர் போட்டு மாற்றி வரைந்துவிட்டேன். ஊர் முடிவு அது. நான் கேட்டேன், அவர்கள் வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்! வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கையெழுத்து வாங்க நான் ஓட்டா கேட்கிறேன்? "பயனாளிகள் கருத்துப்படி மாற்றப்பட்டது" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 17, புதன்

மருதி அண்ணி போன் செய்தாள். மசணன் அண்ணனின் மனைவி. அவளாக எனக்குப் போன் செய்ததே இல்லை.

"அம்மிணி, பொறத்தால ஒரு சின்னக் கதவாச்சும் வெய்யேன். கோழி அடைக்க."

கோழி அடைக்க யாராவது வீட்டுக்குள்ளிருந்து பின்பக்கம் கதவு வைப்பார்களா? அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பக்கத்தில் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

"ட்ராயிங் போயிருச்சு அண்ணி. இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"அப்பிடியா. செரி அம்மிணி" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 22, திங்கள்

பிரிண்ட் கடையில் ஒரு வாரமாக மிஷின் ரிப்பேர். இன்றுதான் வரைபடங்கள் தயாராயின, துறையில் கொடுத்தேன். வரும் வழியில் செருப்பு அறுந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூங்கிலை விட ஆதித்யா சாருக்கு மனசில்லை. முன்பக்கச் சுவரில், வாசலுக்கு இரண்டு பக்கமும், செங்கல்மேல் மூங்கிலை போல்ட் அடித்துப் பொருத்தச் சொல்லிவிட்டார். "போட்டோல இதுதான் பேசும்" என்றார். ஓட வேண்டிய பக்கத்தில் செங்கல், ஓட முடியாத பக்கத்தில் மூங்கில். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

கூரை போட்டாயிற்று. ஜன்னல்களுக்குக் கம்பி, பத்து மில்லிமீட்டர். திருடனுக்கா என்று கேட்டேன். எங்கள் பதியில் திருட என்ன இருக்கிறது! "விதிங்க மேடம்" என்றார் மேஸ்திரி.

அம்மாவுக்கும் வீடு உண்டு, பதினேழாம் நம்பர். உள்ளே நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகாது என்றேன். பின்சுவரைக் கையால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

டிசம்பர் 12, வியாழன்

திறப்பு விழா. சால்வை, போட்டோ, சர்க்கரைப் பொங்கல். "பழங்குடியினரின் மகளே பழங்குடியினருக்கு வடித்த வீடு" என்று பேனர். என் படம் வேறு, கல்யாணப் பெண் மாதிரி.

மசணன் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டைக் காட்டினார். பின்சுவரை முஷ்டியால் குத்தினார். "பாத்தியா, அசையுதா? இனி மழயாச்சு, காத்தாச்சு, ஒண்ணும் பண்ண முடியாது." அந்தச் சுவரை ஒட்டியே கட்டில் போட்டிருந்தார். பக்கத்தில் ரேஷன் அரிசி மூட்டை.

"அன்னிக்கு நாலு பேத்து முன்னால உன்னைய அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது அம்மிணி" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவருடைய சின்னமகள் கார்குழலி புதுத் தரையில் உட்கார்ந்தபடியே வழுக்கி வழுக்கி விளையாடினாள். அந்த ஒரு மணி நேரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். எதற்குப் பயந்தோம் என்றே மறந்துபோயிற்று.

டிசம்பர் 30, திங்கள்

தனசேகர் சார் கூப்பிட்டார். எங்கள் வடிவத்தையே மாதிரியாக வைத்து மலையடிவாரத்தில் இன்னும் மூன்று பதிகளுக்குக் கட்டுகிறார்களாம், எண்பத்தாறு வீடு. அக்டோபரிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது, ஒப்புதல் தாளில் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டேன். ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

மசணன் அண்ணன் போய்விட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அண்ணி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் கட்டிலில். யானை வாசலுக்கு வந்தது. யானை, யானை, யானை. எழுதிவிட்டேன், இனி என்ன வரவேண்டியிருக்கிறது?

அரிசி வாசனைக்கு வந்திருக்கிறது. கதவை ஒரே தள்ளில் பிய்த்து, தும்பிக்கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறது. நாலு பேரும் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். அண்ணி சொன்னாள்: "உங்கண்ணன் திரும்பி அந்தச் சொவத்த ஒதச்சாரு அம்மிணி. ரெண்டு தடவ. பழக்கத்துல." அப்புறம் என்ன நினைத்தாரோ, அரிசி மூட்டையைத் தூக்கி அதன் முகத்தில் எறிந்துவிட்டு, தும்பிக்கைக்குக் கீழே குனிந்து வாசல் வழியாக ஓடியிருக்கிறார், கத்திக்கொண்டே, அது தன் பின்னால் வரட்டும் என்று. அது வந்தது. முப்பதடி தூரம்தான் போனார்.

அண்ணியும் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அண்ணி மெதுவாகக் கேட்டாள். "ட்ராயிங் போயிருச்சுன்னு அன்னிக்குச் சொன்னியே அம்மிணி. அது நெசமாவே போயிருந்துச்சா?"

"ஆமாம் அண்ணி" என்றேன்.

கார்குழலி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கதவு போனதைத் தவிர ஒரு கீறல் இல்லை. "கட்டடம் உறுதியாக உள்ளது. வீட்டைவிட்டு வெளியே வந்ததால் மரணம் நேர்ந்தது" என்று எழுதினார்கள். கட்டடம் பற்றிய வரிக்குக் கீழே வடிவமைப்பாளர் கையெழுத்து வேண்டுமாம். பேனாவையும் அவர்களே நீட்டினார்கள்.

அது பொய் இல்லை. கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது. போட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

தூக்கமே இல்லை. காலை ஒன்பது மணிக்கே தனசேகர் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லா வீட்டுக்கும் பின்பக்கம் ஒரு கதவு வேண்டும், நூற்றுப்பத்து வீட்டுக்கும், இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டி எதற்கு, உதைத்தால் எப்படி விழும், ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பின்சுவத்து மேல கூரை உக்காந்திருக்குதுங்க. அளவில்லாம ஓட்டை போட்டா விரிஞ்சுரும்."

தெரியும். தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் போட்டபோது பாரத்தை அதன்மேலும் இறக்கியவள் நான்தானே.

"முறைப்படி செய்யோணும்னா புதுசா அனுமதி வாங்கோணும். திட்டம் மூடியாச்சு. அடுத்த வருசம் எழுதிப் பாக்கலாம். அந்த மூணு பதியிலும் கூரை போட்டாச்சு, ஒண்ணுல ஞாயித்துக்கிழம குடி போறாங்க." கோப்பைப் புரட்டி, பயனாளிகள் கருத்துப்படி என்று நான் எழுதிய வரியில் விரலை வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஏனுங்க, யானைக்குன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் ஊர்க்கூட்டமே கேட்டிருக்க மாட்டேன். என்ற சொந்த ஊரும் காட்டோரந்தானுங்க."

எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஜனவரி 29, புதன்

ஆதித்யா சார் கை கொடுத்து வருத்தம் சொன்னார். உண்மையாகவே வருத்தப்படுகிறார். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் நான் பேச வேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொடிக்காட்டுப்பதிக்குப் போனேன். தனசேகர் சார் சொன்ன அந்தக் குடிபோகிற பதி. அவர்கள் எடுத்துச் செய்யாவிட்டால் என்ன, நானே வீடு வீடாகச் சொல்கிறேன், அரிசியை உள்ளே வைக்காதீர்கள், பழைய வீட்டைப் பிரிக்காதீர்கள், அங்கேயே தூங்குங்கள் என்றாவது சொல்கிறேன் என்று போனேன்.

பழைய வீடுகளை முந்தாநாளே பிரித்துவிட்டார்கள். மூங்கிலைக் குவித்து அதிலேயே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "நம்ம புள்ள! ஊடு வரஞ்ச புள்ள!" என்று ஓடிவந்தார்கள். வெள்ளி என்று ஒரு அம்மா, என் அம்மா வயது இருக்கும், என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதல் டம்ளர் பாலை எனக்குக் கொடுத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பின்சுவரை ஒட்டிக் கட்டில், அதன்மேல் புதுப் பாய், பாயில் ஒரு கைக்குழந்தை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

"சொல்லு சாமி."

எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துப் பார்த்தேன். பெரியவர் என்றேன், பின்னால வழி இல்ல என்றேன், எங்க அண்ணன் என்றேன். அவள் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினாள். பயந்துகொண்டு பேசுகிறேன் என்று நினைத்தாளோ, கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். இந்த முறையும் பாதியில் நிறுத்தினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"யானை வந்தா நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க? யானை வாசல்ல நின்னா இந்தக் குழந்தைய எப்படித் தூக்கிட்டுப் போவீங்க?"

வீட்டுக்குள் சட்டென்று பேச்சு நின்றது. வெளியே மேளம் அடித்தவனும் நிறுத்திவிட்டான். வெள்ளி என் கையை விட்டுவிட்டாள். ஒரு பெண் ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்து அதன் இரண்டு காதையும் பொத்தினாள்.

"குடி போற அன்னிக்கு," என்றாள் வெள்ளி. "குடி போற அன்னிக்கு, உள்ள நின்னுட்டு, பேர் சொல்லிக் கூப்புடறயே. நீ நம்ம புள்ளதானா?"

"அம்மா, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. எங்க அண்ணன்..."

"போயிரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு ஆள் என் தோளைத் தொடாமல், கையை நீட்டி வழியைக் காட்டினான். நான் வெளியே வந்தேன். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பாலைத் தரையில் கொட்டினார்கள். வெள்ளி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, நான் நின்ற இடத்திலிருந்து படி வரைக்கும் ஊற்றிக் கழுவினாள். அழுதுகொண்டே கழுவினாள்.

பாதைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வெயில் இருந்தது. எல்லோரும் அந்த வீட்டுக்குள் போனார்கள், குழந்தையை வைத்திருந்த பெண் கடைசியாகப் போனாள். நான் கூப்பிட்டது உள்ளே வந்துவிடாமல் இருக்கக் கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு அந்த ஒரு கதவுதான்.